மீண்டும் அறுவடை

ஜனவரி 4, ஞாயிறு

இன்று மதியம் எங்கள் வீட்டு டிவியில் ஒன்பது பேர் செத்தார்கள். பத்தாவது ஆள் செத்தானா என்று தெரியாது. அதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

இது இந்துஜாவின் ஏற்பாடு. அடுத்த மாதம் எட்டாம் தேதி அவளுக்கு நிச்சயதார்த்தம், வைகாசியில் கல்யாணம், பிறகு நிரஞ்சனோடு சென்னைக்குப் போய்விடுவாள். போவதற்கு முன் மற்ற பெண்கள் அம்மாவிடம் வைரத்தோடு கேட்பார்கள். இவள் கேட்டது, "வைக்கோல் முகம்" படத்தை நான் அவளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது. அமெரிக்கப் படம். சாக்குத்துணியில் வைக்கோல் திணித்த முகமூடியை மாட்டிக்கொண்டு ஒருவன் ஊர்க்காரர்களை அரிவாளால் அறுக்கிறான். ஐந்து பாகம் வந்து ஓய்ந்துபோய், இருபது வருஷம் கழித்து இப்போது உயிர்கொடுத்து ஆறாவதாக ஒன்று எடுத்திருக்கிறார்கள். இவளும் நிரஞ்சனும் பழகியதே இந்தப் படங்களைப் பற்றி இணையத்தில் சண்டை போட்டுத்தானாம். ஜோசியர் பார்த்த பத்துப் பொருத்தத்தில் இது எதில் சேரும் என்று கேட்க மறந்துவிட்டேன்.

நடுவில் உள்ள நாலும் குப்பை, பார்க்க வேண்டாம் என்று அவளே தள்ளுபடி கொடுத்துவிட்டாள். முதல் பாகமும் புதியதும் மட்டும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டுமாம். ஒன்பதரைக்கு மேல் என் கண் திறந்திருக்காது. ஆகவே ஞாயிறு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, தமிழ்க் குரலில். கொலைகாரன் சிமெண்ட் விளம்பரக் குரலில் பேசுகிறான்.

முதல் பாகத்தில் மார்த்தா என்று ஒரு பெண் மட்டும் தப்பிக்கிறாளாம். மற்றவர்கள் சத்தம் கேட்ட திசையை நோக்கித் தனியாகப் போய்ச் சாகிறார்கள். வீட்டுக்குள் வருவதற்கு முன் அவன் மழையில் நனைந்து, சுவரேறி, டெலிபோன் வயரை வெட்டுகிறான். எதற்கு இத்தனை பாடு? வீட்டு ஆளாக இருந்தால் டெலிபோனையே கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போனால் போதும். இதை இந்துஜாவிடம் சொன்னேன். நீ நல்ல வில்லியாக வந்திருப்பாய் என்று சிரித்தாள்.

சாம்பார் மீதி இருக்கிறது. நாளைக்கும் அதுதான்.

ஜனவரி 6, செவ்வாய்

மேலூர்ப் பக்கம் கிணறுகள் அளந்தோம். நிலத்தடி நீர்ப் பிரிவில் எனக்கு இந்த வேலைதான் பிடித்தது: நாடாவை இறக்கினால் கிணறு உள்ளதைச் சொல்லிவிடும். கூட நிற்கிற ஊராட்சித் தலைவர் சொல்வதுதான் வேறாக இருக்கும். நாடாவைச் சுற்றி ஏற்ற வலது கைதான். இடது மணிக்கட்டு, 2003இல் படியில் விழுந்ததிலிருந்து, முழுதாகத் திரும்பாது.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜனவரி 10, சனி

தியாகராஜன் அண்ணன் வந்தான். பெரிய மனிதர்கள் கெட்ட செய்தி கொண்டுவரும்போது பழம் வாங்கி வருவார்கள். இரண்டு சீப்பு.

விஷயம் இது. நிச்சயத்தன்று தட்டு மாற்ற வேண்டும். மாப்பிள்ளை வீட்டுத் தட்டைப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் ஜோடியாக உட்கார்ந்து வாங்கவேண்டும். பெண்ணின் அப்பா உயிரோடு, நல்ல வேலையில், சென்னையில் இருக்கும்போது அவர் இல்லாமல் தட்டு மாற்றினால் சபையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். மாப்பிள்ளையின் அம்மா செண்பகவல்லி ஏற்கெனவே ஜாடையாகக் கேட்டுவிட்டாராம். ஆகவே அண்ணன் தானே சந்திரமோகனுக்குப் போன் செய்துவிட்டான். இந்துஜாவிடமும் நம்பரைக் கொடுத்துவிட்டான். அப்பாவும் பெண்ணும் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் சொல்வதுதான் கடைசி.

"பத்து நிமிஷம் உக்காந்து எந்திரிக்கப் போறாரு. உனக்கென்ன வசு?" என்றான்.

எனக்கு ஒன்றுமில்லை என்றேன்.

இந்துஜாவுக்கு அவள் அப்பாவைப் பற்றித் தெரிந்தது ஒரே வார்த்தை: ஒத்துவரவில்லை. அவளுக்கு இரண்டு வயதில் நான் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த அன்றே அண்ணனும் அம்மாவும் உட்கார்ந்து முடிவு செய்த வார்த்தை அது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும்வரை அதற்குமேல் வாய் திறக்கக் கூடாது, அவள் வாழ்க்கைக்கு நல்லதில்லை என்றார்கள். நல்ல வார்த்தைதான். செருப்புக்கும் சொல்லலாம், மருந்துக்கும் சொல்லலாம்.

இந்துஜா என் முகத்தையே பார்த்தாள். "உனக்குப் பிடிக்கலேன்னா சொல்லும்மா. நான் வேண்டாம்னுடுறேன்."

பிடிக்காமல் என்ன என்றேன். பழம் கனிந்திருக்கவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

ஆறாம் பாகம் தொடக்கம். பெயர் "வைக்கோல் முகம்: மீண்டும் அறுவடை". தமிழில் இந்தப் பெயரை வைத்தவர் வேளாண்மைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவராக இருக்கவேண்டும்.

இந்தப் படத்துக்குத் தான் ஒரு படம் என்று தெரியும். அதுதான் இதன் பெருமையாம். முதல் கொலை நடந்த உடனே, கண்ணாடி போட்ட ஒரு பெண் நண்பர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறாள். பழைய கதைக்கு உயிர்கொடுப்பதென்றால் சில விதிகள் உண்டு. பழைய வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். பழைய நாயகியை அழைத்துவர வேண்டும். அவளைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். ஆனால் கதை இளையவர்களுடையது என்பதால் பாதிப் படத்தில் அவள் சாக வேண்டும். சொல்லிவிட்டு அதையே செய்யத் தொடங்குகிறார்கள். திட்டு வாங்குவதற்கு முன் தானே தன்னைத் திட்டிக்கொள்ளும் தந்திரம். எங்கள் துறையிலும் உண்டு: அறிக்கையின் முதல் பக்கத்தில் "தரவுகள் போதாதவை" என்று போட்டுவிட்டால் பிறகு யாரும் எதுவும் கேட்க முடியாது.

கல்யாணத்துக்கும் இதே விதிகள் பொருந்துகின்றன என்று தோன்றியது. பழைய ஆட்களைத் திரும்பக் கூட்டி வந்தால்தான் சபை நிறைகிறது.

மார்த்தாவுக்கு இப்போது என் வயது. வேறெங்கோ போய்த் தேனீ வளர்க்கிறாள். அவள் வீட்டுக் கதவைக் காட்டுகிறார்கள்: மூன்று தாழ்ப்பாள். இந்துஜா எங்கள் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீதான்" என்றாள். மதுரையில் திருட்டு அதிகம் என்றேன்.

அரை மணி நேரம் ஆனதும் கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் டிவி ஓடாது. நிம்மதியாகத் துணி மடித்தேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. அதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணி போனில் விளக்கினாள்.

இந்துஜாவின் அப்பா வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார். இந்துஜா போனை என் காதில் வைத்துவிட்டாள். குரல் மாறவில்லை. தணிந்த, மரியாதையான குரல். எப்போதுமே சத்தம் போட்டுப் பேசும் ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தக் காலத்தில் என்னிடமே சொல்வார்கள், உங்க வீட்டுக்காரர் மாதிரி அமைதியான ஆள் உண்டா என்று.

பேசி முடித்ததும் அடுப்பை அணைத்தேனா என்று போய்ப் பார்த்தேன். அணைத்திருந்தது.

ஜனவரி 18, ஞாயிறு

படம் இல்லை. விருந்து. இந்துஜாவின் அப்பா காலை ரயிலில் வந்தார். மதியச் சாப்பாட்டுக்கு நிரஞ்சனையும் செண்பகவல்லி அம்மாவையும் அண்ணன் கூப்பிட்டிருந்தான். எல்லோரும் பார்த்துப் பேசிக்கொள்ளட்டும் என்று. சமைப்பது நான் என்பதால் என்னைக் கேட்கத் தேவையில்லை.

திருநெல்வேலிக்காரர் கடையில் சொல்லிச் செய்த அல்வா கொண்டுவந்தார். செண்பகவல்லி அம்மாவின் மூட்டுவலிக்கு எண்ணெய் பெயர் சொன்னார். பால்கனிக் கதவின் கொக்கி மாதக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்குரூ டிரைவர் கேட்டு வாங்கி அதைச் சரிசெய்தார். வாசல் கதவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "எதுக்கு வசு இத்தனை தாழ்ப்பாள்? தங்கம் கிங்கம் வச்சிருக்கியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வந்தவர் விருந்தாளி.

சாப்பிட உட்காரும் முன் வாட்சைக் கழற்றி, வார் மடங்காமல் நீளவாக்கில் மேசைமேல் வைத்தார். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க உள்ளே போனேன். அணைத்திருந்தது. ரசப் பாத்திரத்துக்கு மூடி தேட வேண்டியிருந்ததால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மூடி பாத்திரத்தின் மேல்தான் இருந்தது.

நான் திரும்பி வந்தபோது ஒரு முடிவு எடுக்கப்பட்டிருந்தது. சென்னையில் அவர் வீட்டு மாடி காலியாக இருக்கிறது. அவர் தனி ஆள். நிரஞ்சனும் இந்துஜாவும் கல்யாணத்துக்குப் பிறகு எதற்கு வெளியில் வீடு தேட வேண்டும்?

"உங்கம்மாவும் நானும் இருந்த வீடு தரையோட தரையா ஒரே ரூம், பாப்பா. ஏறுறதுக்கு ஒரு படிகூடக் கிடையாது. இப்ப உனக்கு மாடியே தர்றேன் பாரு" என்றார்.

செண்பகவல்லி அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படிப்பட்ட மனிதரோடு எப்படி ஒத்துவராமல் போயிற்று என்று கேட்டார். எனக்கு அனுசரிக்கத் தெரியவில்லை என்றேன். உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட வேண்டும். அடுத்த ஞாயிறு.

ஜனவரி 19, திங்கள்

அல்வாவை ஆபீஸில் கொடுத்துவிட்டேன். எங்கே வாங்கியது என்று எல்லோரும் கேட்டார்கள்.

ஜனவரி 22, வியாழன்

இந்துஜா மாடி வீட்டின் படங்களைக் காட்டினாள். வெளிச்சமான அறைகள். மாடிக்குப் போகும் வழி கீழ்வீட்டுக் கூடத்தின் வழியாக இருக்கிறது. தனி வாசல் இல்லையா என்று கேட்டேன். அப்பா வீடுதானேம்மா என்றாள்.

இட்லி மாவு புளிக்கவில்லை. பனி.

ஜனவரி 25, ஞாயிறு

சொல்லவில்லை. படம் பார்த்தோம்.

மார்த்தா திரும்பி வந்துவிட்டாள். தேனீக்களை யாரிடம் விட்டுவந்தாள் என்று காட்டவில்லை. இருபது வருஷம் கதவைப் பூட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தவள், ஒரு போன் வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொலை நடக்கும் ஊருக்கு வருகிறாள். பைத்தியமா இவள் என்றேன். "அவளுக்குத்தான் அவனைப் பத்தித் தெரியும்மா. சின்னப் பிள்ளைங்களுக்கு யார் சொல்வா?" என்றாள் இந்துஜா, சிப்ஸை வாயில் போட்டுக்கொண்டு.

இந்தப் பாகத்தில் முகமூடிக்குள் இருப்பது யார் என்பதுதான் புதிர். ஆளாளுக்குச் சந்தேகம் வருகிற மாதிரி எடுத்திருக்கிறார்கள். முறைக்கும் தோட்டக்காரன், பழைய காதலன், முகத்தில் வெட்டுத் தழும்புள்ள போலீஸ்காரன். இவர்களுக்கு நடுவே ஹாரிஸ் என்று ஒரு வயதான மாட்டு டாக்டர். ஊரில் எல்லோருக்கும் பிரியமானவர். மார்த்தாவுக்கு வீட்டில் சுட்ட கேக் கொண்டுவந்து கொடுக்கிறார். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது மாட்டு டாக்டர் வாட்சைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார்.

"இவன்தான்" என்றேன்.

இந்துஜா படத்தை நிறுத்தினாள். யாரிடமாவது கேட்டாயா, எங்காவது படித்தாயா என்றாள். படம் வந்தபோது உலகத்தில் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லையாம். அவளும் நிரஞ்சனும் சண்டை போட்டதே இதற்காகத்தானாம்.

"அவர் கன்னுக்குட்டிக்குப் பிரசவம் பாக்கிற ஆளும்மா. வாட்சைக் கழற்றாம எப்படி?"

அந்த அறையில் மாடு எதுவும் இல்லையே என்றேன். அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். அணைத்திருந்தது.

திரும்பி வந்தபோது டிவி அணைந்திருந்தது. மீதியைப் பிறகு பார்க்கலாம் என்றாள். சிப்ஸ் பொட்டலம் அப்படியே இருந்தது. அவள் சிப்ஸை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இந்துஜா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, நீ எந்தப் படியில விழுந்த?"

என்ன படி என்றேன்.

"கை. படியில விழுந்தேன்னுதான் சொல்லியிருக்க. அப்பா சொன்ன வீட்டுல படியே இல்லையே."

தோசையைத் திருப்பினேன்.

"படத்துல கழுத்தை அறுக்கும்போதெல்லாம் நீ ஊறுகாய் தொட்டுச் சாப்பிடுற மாதிரி உக்காந்திருந்த. அந்தக் கிழவன் வாட்சைக் கழட்டுனதுக்கு எந்திரிச்சுப் போன. அன்னைக்கு அப்பா கழட்டினப்பவும் போன. அடுப்பை ரெண்டு தடவையும் நான்தான்ம்மா அணைச்சேன். நீ பார்த்துக்கிட்டுத்தான் இருந்த."

இத்தனை வருஷம் இந்தப் படங்களைப் பார்த்துப் பொழுதை வீணாக்குகிறாள் என்று நினைத்திருந்தேன்.

சொன்னேன். எவ்வளவு சொன்னேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். அந்த வாட்ச் எங்கள் அப்பா மாப்பிள்ளைக்குக் கல்யாணத்தில் போட்டது. ஒருமுறை என் பல் பட்டுக் கண்ணாடியில் கீறல் விழுந்தது. அதிலிருந்து முன்னெச்சரிக்கையாகக் கழற்றி வைத்துவிடுவார். அவசரமே இல்லாமல், வார் மடங்காமல். அதைக் கழற்றுவதற்கும் பிறகு நடப்பதற்கும் நடுவே இருக்கும் நேரம்தான் நீளம். இப்போதும் அதே வாட்சைத்தான் கட்டியிருக்கிறார். புதுசு மாதிரி இருக்கிறது. நல்ல பராமரிப்பு.

இந்துஜா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"என்னை அந்த மாடிக்கு அனுப்ப இருந்தியா?"

"ஞாயித்துக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன்."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தோசைகள் ஆறிவிட்டன. நானே சாப்பிட்டேன்.

ஜனவரி 27, செவ்வாய்

பேசவில்லை. மாவு தீர்ந்தது.

ஜனவரி 29, வியாழன்

பேசினாள். என்னிடம் இல்லை. அவள் அப்பாவிடம், போனில், கூடத்தில் உட்கார்ந்து, எனக்குக் கேட்கும்படி. நிச்சயத்துக்கு வர வேண்டாம், மாடியும் வேண்டாம் என்றாள். அந்தப் பக்கம் சத்தம் வரவில்லை. அவர் சத்தம் போடமாட்டார். "அம்மா சொல்லிக் கொடுத்தாளா?" என்று மட்டும் கேட்டாராம். "இல்லப்பா, படம் பார்த்துத் தெரிஞ்சிக்கிட்டேன்" என்றாள். அவருக்குப் புரிந்திருக்காது.

பிறகு எனக்கு ஒரு காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை இல்லை. கேட்கவில்லை, குடித்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

அண்ணன் வந்தான். இந்த முறை பழம் இல்லை. முடிந்த கதையை எதற்குக் கிளறினாய் என்று கத்தினான். கிளறியது நீதானே, நம்பர் கொடுத்து என்று கேட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவனிடம் நான் எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. இருவருக்கும் பழக்கமில்லாததால் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. தண்ணீர் குடித்தான்.

நிரஞ்சன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வாடகை வீடு தேட ஆரம்பித்துவிட்டானாம். செண்பகவல்லி அம்மாவிடமும் சொல்லிவிட்டான். அவர் கேட்டது: அப்போ தட்டை யார் வாங்குவார்?

நல்ல கேள்வி. புருஷனை விட்டு வந்தவள் தட்டு வாங்குவது வழக்கமில்லை. ஆகவே அண்ணனும் அண்ணியும் உட்காருவதாக முடிவாயிற்று. நான் சரி என்றேன். எனக்கு அந்த வார்த்தை நன்றாக வரும். இந்துஜா நகத்தைக் கடித்தாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

படத்தை முடித்தோம். மாட்டு டாக்டர்தான்.

மார்த்தா சாகவில்லை. சாவாள் என்று பாடம் எடுத்த கண்ணாடிப் பெண் முதலிலேயே போய்விட்டாள். கடைசியில் மார்த்தா ஓடவில்லை, ஒளியவில்லை. பழைய வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் பின்னால் இளையவர்கள். நன்றாக இருந்தது என்று எழுத மனம் வரவில்லை. மோசமில்லை.

அவன் விழுந்ததும் நான் எழுந்தேன். உட்காரும்மா என்று இழுத்தாள் இந்துஜா. இந்த மாதிரிப் படங்களில் கொலைகாரன் கடைசியாக ஒரு தடவை எழுந்திருப்பானாம். அது விதி. எழுந்தான். எல்லா பாகத்திலும் எழுகிறான் என்று தெரிந்தும் ஏன் ஒருவரும் அந்தப் பக்கம் ஒரு கண் வைப்பதில்லை என்று கேட்டேன்.

"எல்லாம் முடிஞ்சதுன்னு நம்ப ஆசையா இருக்கும்லம்மா."

தோளில் சாய்ந்துகொண்டாள். கனமாக இருந்தாள். கால் மரத்துப்போனது.

பிப்ரவரி 5, வியாழன்

புடவைக்கு ஃபால்ஸ் தைத்து வந்துவிட்டது. வாடிப்பட்டியில் மூன்று கிணறு. நீர்மட்டம் பரவாயில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

நிச்சயதார்த்தம்.

சின்ன மண்டபம். ஏசி ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது. அந்தப் பக்கம் முழுக்க மாப்பிள்ளை வீட்டார். அண்ணனும் அண்ணியும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். எதிரே செண்பகவல்லி அம்மாவும் அவர் கணவரும், நடுவில் தட்டுகள். நான் முதல் வரிசை நாற்காலியில், வாசலைப் பார்க்கிற மாதிரி. எங்கே போனாலும் அப்படித்தான் உட்காருவேன். இன்று அது உபயோகப்பட்டது.

பட்டு வேட்டி, கையில் அல்வாப் பெட்டி. வாசலில் சந்தனம் எடுத்துப் பூசிக்கொண்டு, பன்னீர் தெளித்த பெண்ணிடம் எந்த கிளாஸ் படிக்கிறாய் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் பாதி எழுந்துவிட்டான். "வந்துட்டாரு. பத்து நிமிஷந்தானே வசு, சபையில எதுக்கு…" என்று என் பக்கம் குனிந்தான். மேடைப் பக்கத்தில் இந்துஜாவும் எழுந்தாள். உட்கார் என்று கை காட்டிவிட்டு நான் எழுந்தேன்.

பாதிப் படத்தில் பழைய நாயகி சாகும் விதியை நினைத்துக்கொண்டு நடந்தேன் என்று எழுதினால் பொய். புதுப் புடவை காலில் தடுக்கக் கூடாதே என்றுதான் நினைத்தேன்.

வாசலில் போய் நின்றேன். நான் அவ்வளவு அகலம் இல்லை. ஆனால் அந்தக் கதவில் ஒரு பக்கம்தான் திறந்திருந்தது.

அவர் சபைக்காகச் சிரித்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் பேசினார். "பக்கத்து ரூமுக்கு வா வசு. எல்லாரும் பாக்கிறாங்க. உள்ள போய்ப் பேசிக்கலாம்." பெட்டியை அங்கிருந்த நாற்காலியில் வைத்தார். கை வாட்ச் வாருக்குப் போயிற்று. தெரிந்து செய்தாரா, விரல் தானாகப் போயிற்றா, தெரியாது.

இந்த இடத்தில் நான் அடுப்பைப் பார்க்கப் போவேன். மண்டபத்தில் அடுப்பு பின்கட்டில் இருந்தது, சமையல்காரரின் பொறுப்பில்.

"வாட்ச் கையிலயே இருக்கட்டும்" என்றேன். "நீங்க உள்ள வரப் போறதில்ல, சந்திரமோகன்."

மெதுவாகத்தான் சொன்னதாக நினைத்தேன். ஆனால் நாதஸ்வரம் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்காத நேரம். மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கிறது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு, நான் எதைச் சொல்கிறேன் என்று தெரிந்துகொள்ள, அவர் மணிக்கட்டைப் பார்த்தார்கள். பாதி கழன்ற வார். அதற்குள் இந்துஜா வந்து என் பக்கத்தில் நின்றுவிட்டாள், நிரஞ்சன் அவள் பக்கத்தில். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. வாரை மாட்டினார். இரண்டு முறை தவறியது. போனார்.

கடைசியாக ஒரு தடவை எழுந்திருப்பான் என்று தெரிந்திருந்ததால் ஆட்டோ திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

மாமனார் போட்ட வாட்ச்தானே, கேட்டு வாங்கியிருக்கலாம் என்றாள் அண்ணி. அவளுக்கு எப்போதும் நடைமுறை அறிவு அதிகம்.

தட்டுகள் அப்படியே இருந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. செண்பகவல்லி அம்மாதான் பேசினார், கொஞ்சம் கோபமாகவே. கோபம் யார்மேல் என்று சொல்ல முடியாது.

"வந்து உக்காருங்க சம்பந்தி. நீங்களே வாங்கிக்கங்க. எமகண்டம் வந்துரும்."

அண்ணன் என்னைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், எழுந்து இடம் விட்டான். நான் தனியாக உட்கார்ந்தேன். தட்டு நினைத்ததைவிடப் பாரம். இடது கை திரும்பாததால் ஒரு பக்கம் சாய்ந்தது, எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு ஜமுக்காளத்தில் ஓடியது. செண்பகவல்லி அம்மா என் மணிக்கட்டுக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கினார். அப்படியே வைத்திருந்தார், போட்டோ எடுத்து முடியும்வரை.

அல்வாவை யாரும் தொடவில்லை என்று எழுத ஆசை. பெட்டி காலி.

பிப்ரவரி 9, திங்கள்

நேற்று மண்டபத்திலிருந்து வந்ததும் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அணைத்தேனா என்று போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. தூங்கிவிட்டேன்.

அணைக்கவில்லையாம். பாத்திரம் அடியோடு கருகிவிட்டது. இந்துஜா தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.